தை மாதத்துக் கடல்

என் மகளுக்குக் கடற்கரையில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளையாக வரப்போகிறவருக்கும் அதே ஆசை. இருவரும் சிங்கப்பூரிலிருந்து ஃபெர்ரியில் இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குப் போய், அதன் வடக்குக் கரையில் ஒரு விடுதியைப் பிடித்து, மணலில் நின்று படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். படத்தில் கடல் பச்சையாக, கண்ணாடித் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது.

நான் தேக்கா பகுதியில் ஒரு பல் மருந்தகத்தில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். மத்தியான இடைவேளையில் சிராங்கூன் சாலைக் கோவிலுக்குப் போய், வழக்கமாக எங்கள் குடும்பத்துக்கு நாள் பார்த்துச் சொல்லும் குருக்களிடம் இரண்டு ஜாதகங்களையும் கொடுத்தேன். தை மாதத்தில், ஜனவரிக் கடைசியில் ஒரு முகூர்த்தம் சொன்னார். அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது என்றார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கோவில் வாசலில் செருப்பை மாட்டுவதற்கு முன்பே, இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான வாட்ஸ்அப் குழுவில் தேதியைப் போட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து உடனே பதில் வந்தது. ஆங்கிலத்தில், இரண்டே வரி. 'ஜனவரி சரிவராது. கடல் மோசமாக இருக்கும்.'

அன்று இரவு செங்காங் வீட்டில் நானும் கணவரும் அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

"கடல் மோசமா இருக்குமாம். நாம என்ன கடலுக்குள்ளயா தாலி கட்டப் போறோம்?" என்றார் கணவர். அவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறவர். வானத்தைத் தவிர வேறு எதையும் பயணப் பாதையாக மதிக்க மாட்டார்.

"தள்ளிப் போடப் பாக்கிறாங்க," என்றேன்.

இருவர் மனதிலும் ஓடியது ஒன்றுதான். என் மகளுக்கு இதற்கு முன் ஓர் இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. அந்தப் பையன் வீட்டில் முதலில் தேதியைத் தள்ளினார்கள். மண்டபம் கிடைக்கவில்லை என்றார்கள், பிறகு அவனுக்கு வெளிநாட்டில் வேலைப் பயிற்சி என்றார்கள், பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மகள் ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடாமல் அறைக்குள்ளேயே கிடந்தாள். அந்தக் கதையை இந்தச் சம்பந்தி வீட்டுக்கு நாங்கள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அந்த அம்மாவே என்னை அழைத்தார்.

"சம்பந்தியம்மா, எனக்கு டைப் பண்ணி விளக்கம் சொல்ல வராது. தமிழ்ல எழுதினா ரொம்ப ஸ்லோ. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீயா? ரெண்டு பேரும் என்ட படகுக்கு வாங்கோ. கடல்ல வச்சுச் சொன்னா உங்களுக்கு விளங்கும்."

அவருக்குப் படகு இருப்பது எங்களுக்குத் தெரியும். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக மலாயாவுக்கு வந்தவர். அந்த வழியில் வந்த 'ங்கோ' இன்னும் அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி பாதி ஆங்கிலம், நடுநடுவே சிங்கப்பூர்க்காரர்களின் 'லா'. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் பாய்மரப் படகுக் குழுவைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் முன்வராததால் அவர் தலையில் கட்டினார்களாம். நாற்பது வயதுக்கு மேல், மாணவர்களுக்கு முன்னால் அசிங்கப்படக் கூடாது என்று படகோட்டக் கற்றுக்கொண்டு, பிறகு அதை விடவே முடியாமல் போனதாக முதல் சந்திப்பில் சொல்லியிருந்தார். அப்போது நான் வடையைப் பிட்டுக்கொண்டே தலையாட்டினேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஃபெர்ரியில் போனாலும் நடு இருக்கையில்தான் உட்காருவேன்.

"போகலாம்," என்றார் என் கணவர். "நேர்ல கேட்டுடலாம். வேணுமா வேணாமான்னு."

வைகாசி மாதத்து ஞாயிறு. மேற்குக் கரையில் இருந்த ஒரு படகுத் துறையில் அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். அரைக் கால்சட்டையும் வெளுத்த தொப்பியுமாக அவரைப் பார்த்ததும், புடவையில் பார்த்த அதே ஆள்தானா என்று ஒரு கணம் திகைத்தேன். படகு நான் நினைத்ததைவிடச் சின்னது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் பாதி இருக்கும். நடுவில் ஒரு பாய்மரம், பின்னால் ஒரு குட்டி மோட்டார். மூவரும் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டோம். அவர் வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டேன்.

"அவருக்குத் தண்ணி வாளியில இருந்தாப் போதும்," என்று சிரித்தார்.

மோட்டாரை ஓட்டிக்கொண்டு துறையை விட்டு வெளியே வந்தோம். சற்றுத் தூரம் போனதும் அதை நிறுத்திவிட்டுப் பாய்களை ஏற்றினார். லேசான காற்று இருந்தது. படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்கு நடுவே, ஒரு பக்கம் எண்ணெய்த் தொட்டிகளும் மறுபக்கம் செந்தோசாத் தீவுமாகப் போனது எனக்கே பிடித்திருந்தது. என் கணவர் மட்டும் ஏறின நிமிடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார்.

சம்பந்தியம்மா சுக்கான் கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"டிசம்பர்ல இருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் காத்து வடகிழக்கு. தென்சீனக் கடல் முழுக்கத் தாண்டி வாற காத்து, நடுவுல தடுக்க ஒண்டும் இல்ல. நமக்கு இங்க அவ்வளவு தெரியாது. பிந்தானோட வடக்குக் கரைதான் அதை முழுசா வாங்கும். அலை ஆள் உயரத்துக்கு வரும். நீங்க படத்துல பாத்த பச்சைத் தண்ணி அப்ப சேத்து நிறமா இருக்கும். டிசம்பர், ஜனவரியில அதோட மழை வேற. ஒரு நாள் பிடிச்சா மூணு நாள் விடாது. ஃபெர்ரி ஓடினாலும் உள்ள இருக்கிறவங்க பாடு பெரும் பாடு. உங்க பெரியப்பாவுக்கு எண்பது வயசு எண்டு சொன்னீங்க இல்லையா? அவரை அதுல ஏத்தவா?"

"அப்ப எப்ப நல்லா இருக்கும்?" என்று கணவர் வாயைச் சரியாகத் திறக்காமலே கேட்டார்.

"ஏப்ரல், மே. ரெண்டு பருவத்துக்கும் நடுவுல காத்தே இருக்காது. மத்தியானம் இடி, மழை வரும். ஆனா கடல் தூங்கும். ஜூன்ல இருந்து தென்மேற்குக் காத்து. அப்ப சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காத்து வரும். அநேகமா விடியக்காலையில. ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிடும், நிண்டு வதைக்காது."

எல்லாம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் போன தடவையும் மண்டபக் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. ஏப்ரல் என்றால் இன்னும் மூன்று மாதம் தள்ளிப் போகும். அதற்குள் என்னென்னவோ நடக்கலாம். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

சகோதரிகள் தீவைத் தாண்டும்போது காற்று நின்றது. குறைந்தது என்று சொல்ல முடியாது, நின்றே போனது. பாய்கள் துவண்டு, உலரப் போட்ட போர்வை மாதிரி தொங்கின. தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. வெயில் தலையில் இறங்கியது.

"பரவால்ல, மோட்டாரைப் போடுவம்," என்றார் சம்பந்தியம்மா.

மோட்டார் ஓடியது. சற்று நேரத்தில் இருமத் தொடங்கி நின்றது. கயிற்றை இழுத்தார், ஓடியது, மறுபடியும் நின்றது. அதற்குப் பிறகு எத்தனை இழுத்தும் அசையவில்லை. அவர் சட்டை முழுக்க வியர்வை. என் கணவர் எழுந்து நான்கு முறை இழுத்துவிட்டு, அந்தக் குலுக்கலிலேயே பையைப் பயன்படுத்தும்படி ஆகி, அப்படியே இருக்கையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்பதாகத்தான் நான் நினைத்தேன். அப்போது சிவப்பு மிதவை ஒன்று எங்களைக் கடந்து போனது. மிதவை நகருமா என்று யோசித்தேன். நகர்ந்தது நாங்கள். நீரோட்டம் எங்களைச் சத்தமில்லாமல் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. தெற்கே பெரிய கப்பல்கள் வரிசையாகப் போகும் தடம்.

சம்பந்தியம்மா முன்னால் போய் நங்கூரத்தை இறக்கினார். கயிறு முழுவதும் போய்விட்டது. நங்கூரம் தரையைத் தொடவில்லை.

"இங்க ஆழம் கூட," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ரேடியோவை எடுத்தார். வகுப்பில் பேசுவது போல நிதானமாகப் படகின் பெயர், இடம், ஆட்கள் எத்தனை பேர், மோட்டார் ஓடவில்லை, காற்று இல்லை என்று சொன்னார். மறுமுனையில் ஓர் ஆண் குரல் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டு, உதவிப் படகு அனுப்புவதாகவும் பக்கத்துக் கப்பல்களை எச்சரிப்பதாகவும் சொன்னது.

"பயப்படாதேங்கோ, வந்திடுவாங்க," என்றார். ஆனால் அவர் கண் மேற்கே ஒரு கப்பலிலேயே இருந்தது. அடுக்குமாடி வீடுகளைச் சாய்த்து வைத்தது மாதிரி, பெட்டிகளைச் சுமந்துகொண்டு அது வந்துகொண்டிருந்தது. முதலில் பொம்மை போல இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதானது. திடீரென்று அதன் சங்கு அடித்தது. ஐந்து முறை, விட்டு விட்டு. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

"என்ன சொல்றான்?" என்று கத்தினேன்.

"'நீ என்ன செய்யப் போறாய் எண்டு எனக்கு விளங்கேல்ல' எண்டு அர்த்தம்," என்றார். பாய்த்துணி உறையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஆட்டிக் காட்டினார். நானும் என் துப்பட்டாவை எடுத்து ஆட்டினேன். உள்ளே ரேடியோவில் யாரோ யாரிடமோ பேசினார்கள். கப்பலின் மூக்கு, பார்த்தால் தெரியாத அளவுக்கு, மெல்லத் திரும்பியது. எங்களை விட்டு நன்றாகவே தள்ளிப் போனது என்று அவர் பிறகு சொன்னார். எனக்கு அதன் பக்கவாட்டில் இருந்த துருவைக்கூடத் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. அது எழுப்பிய அலை எங்கள் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. என் கணவர் "முருகா" என்றார்.

அலை அடங்கியதும் மறுபடி அதே அசையாத தண்ணீர். பயம் போன இடத்தில் கோபமா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்து உட்கார்ந்தது.

"எனக்கும் அதையேதான் உங்ககிட்ட கேக்கணும்," என்றேன். "நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு எனக்கும் விளங்கல. உங்களுக்கு இந்தக் கல்யாணம் வேணுமா வேணாமா? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. தள்ளித் தள்ளிப் போட்டு அவளைக் கொல்லாதீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அழத் தொடங்கியிருந்தேன்.

"அந்தப் பையன் மாதிரி நாங்களும் செய்வம் எண்டு நினைச்சீங்களா?" என்று கேட்டார்.

"எந்தப் பையன்?"

"முதல்ல நிச்சயம் பண்ணின பையன். உங்கட மகள் எங்கட வீட்டுக்கு வந்த முதல் நாளே எனக்குச் சொல்லிட்டா. 'ஆன்ட்டி, பின்னால யாராவது சொல்லி நீங்க தெரிஞ்சுக்கக் கூடாது'ன்னு சொன்னா. எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடிச்சுப் போச்சு. என்ட மகனுக்கு இந்த மாதிரி நேரா முகத்தைப் பாத்துப் பேசுற ஒருத்திதான் வேணும். அவன் ஒண்டையும் வாயால சொல்ல மாட்டான்."

"எங்ககிட்ட அவ சொல்லவே இல்ல."

"இந்தப் படகுல ரெண்டு தடவை வந்திருக்கிறா. அதையும் சொல்லியிருக்க மாட்டா. அம்மாவுக்குத் தண்ணின்னா பயம், கேட்டா தூங்க மாட்டாங்கன்னு சொன்னா."

படுத்திருந்த என் கணவர் கண்ணைத் திறக்காமலே, "நல்ல பொண்ணைப் பெத்தோம்," என்றார். திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். சம்பந்தியம்மாவும் சிரித்தார். நடுக்கடலில், ஓடாத படகில், அத்தனை மாதமாக நான் தூக்கிக்கொண்டு அலைந்த ஒரு மூட்டையை யாரோ வாங்கி ஓரமாக வைத்துவிட்டது போலிருந்தது.

"நான் எழுதினது பிழைதான்," என்றார். "'சரிவராது' எண்டு மட்டும் எழுதாமல் ஒரு ஃபோன் பண்ணியிருக்கணும். கணக்கு டீச்சர், லா. விடையை மட்டும் எழுதிப் பழகிட்டன்."

அப்படிச் சொல்லும்போதே அவர் முகம் மாறியது. மேற்கே, கப்பல்களுக்குப் பின்னால், வானத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு. பார்க்கப் பார்க்க அது தடித்தது. சற்று நேரத்தில் குளிர்ச்சியாக ஒரு காற்று என் கன்னத்தைத் தொட்டது. வெயிலில் வெந்துகொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"சுமத்ரா," என்றார். "இந்த நேரத்துக்கு வருமெண்டு நான் எதிர்பாக்கல. ஆனா நல்லதுக்குத்தான். காத்து வேணும் எண்டுதானே இருந்தம்?"

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த நங்கூரத்தை இழுத்து மேலே போட்டார். பெரிய பாயை முழுவதும் இறக்கிக் கட்டினார். முன்னால் இருந்த சின்னப் பாயை மட்டும், அதையும் பாதியாகச் சுருட்டி, விட்டுவைத்தார். என்னை இழுத்துச் சுக்கான் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நான் கயிறைப் பாக்கணும், நீங்க இதைப் பிடியுங்கோ. அந்தத் தீவின்ட முனை தெரியுதா? அதுதான் செயின்ட் ஜான்ஸ். படகு மூக்கு அதைப் பாத்தே இருக்கணும். மூக்கு இடது பக்கம் போனா கட்டையையும் இடது பக்கம் தள்ளுங்கோ. வேற ஒண்டையும் பாக்க வேண்டாம்."

"எனக்கு நீந்தத் தெரியாதுங்க."

"நீந்த வேண்டாம். பிடிச்சாப் போதும்."

காற்று வந்தபோது யாரோ பின்னாலிருந்து கையால் தள்ளியது போல இருந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, பாய்ந்தது. மழை தாரையாக இல்லை, கல்லாக விழுந்தது. தீவின் முனை மறைந்தது, தெரிந்தது, மறுபடி மறைந்தது. கட்டை என் கையில் உயிருள்ள ஆட்டுக்குட்டி மாதிரித் திமிறியது. வாயில் உப்பு. காதில் காற்று தவிர ஒன்றும் இல்லை.

"விடாதே! அப்படியே பிடி! நல்லா இருக்கு, தங்கச்சி, அப்படியே பிடி!" என்று கத்தினார். மரியாதையெல்லாம் காற்றோடு போய்விட்டிருந்தது. எனக்கு அது எவ்வளவு தைரியம் கொடுத்தது தெரியுமா? "பிடிச்சிருக்கேன் அக்கா!" என்று நானும் கத்தினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தீவின் முனையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் திரும்பியதும், கதவைச் சாத்தியது போல எல்லாம் ஓய்ந்தது. மரங்களுக்கு மேலே காற்று ஊளையிட்டது. மழை பெய்தது. ஆனால் தண்ணீர் படுத்துக் கிடந்தது. நங்கூரத்தை இறக்கினார். இந்த முறை கயிறு கொஞ்சம்தான் போயிற்று, பிறகு இறுகியது. படகு ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு நின்றது.

என் விரல்களைக் கட்டையிலிருந்து அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

சற்று நேரத்தில் உதவிப் படகு எங்களைத் தேடிக்கொண்டு வந்தது. மழைக்கோட்டு அணிந்த ஒரு மலாய்க்கார அதிகாரி, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றோம். அதுவரை அசையாமல் கிடந்த என் கணவர் எழுந்து உட்கார்ந்து, "டீ இருக்கா?" என்று தமிழிலேயே அவரிடம் கேட்டார். சம்பந்தியம்மாவின் பிளாஸ்க்கில் இஞ்சி டீ இருந்தது. நான் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் நனையாமல் தப்பியிருந்தன. மூவரும் ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டோம். அப்படி ஒரு பசி எனக்கு அதற்கு முன் எடுத்ததில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் மறுபடி மோட்டாரிடம் போனார். பெட்ரோல் டப்பாவைத் தடவிப் பார்த்தவர், தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, மூடியில காத்துப் போற திருகை நான் திறக்கவே இல்ல. காத்து உள்ள போகாட்டி பெட்ரோல் எப்படி வெளிய வரும்? இதைத்தானே பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக் குடுப்பன்!"

திருகைத் திறந்து கயிற்றை இழுத்தார். மோட்டார் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அந்த அதிகாரிகூடச் சிரித்தார்.

மழை விட்டபின், அவர்கள் படகு பின்னால் வர, திரும்பினோம். வழியில் நானே பேச்சை எடுத்தேன். தாலி கட்டுவது தையிலேயே இருக்கட்டும், ஆனால் சிராங்கூன் சாலைக் கோவிலில், கூரைக்கு அடியில். பிந்தான் விருந்தைச் சித்திரையில் வைத்துக்கொள்ளலாம். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். துறையில் இறங்கி மகளை அழைத்துச் சொன்னேன்.

"அம்மா, நீங்க கடல்லயா? நீங்களா?" என்றாள். அப்புறம், "அப்பா ஓகேவா?"

தையில் அந்த வாரம் விடாமல் மழை பெய்தது. முகூர்த்த நாள் காலையில் கோவில் வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது. பட்டுப்புடவைகளைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் உள்ளே ஓடி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர், பிந்தான் ஃபெர்ரிகளில் சிலவற்றை ரத்து செய்துவிட்டார்களாம் என்று தொலைபேசியில் பார்த்துச் சொன்னார். சம்பந்தியம்மா கூட்டத்தில் எங்கோ இருந்தார். அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று என்று சொல்ல அவரைத் தேட எனக்கு நேரமில்லை. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனபோது மகள் கழுத்தில் தாலி ஏறியதைத்தான் பார்த்தேன். அப்போதுதான் முழுசாக மூச்சு விட்டேன்.

சித்திரையில் எல்லாரும் ஃபெர்ரியில் போனோம். கடல் துளிகூட அசையவில்லை. பெரியப்பா யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, மணலில் நாற்காலி போடச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தண்ணீரில் வைத்தபடி சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். விருந்து தொடங்கும் நேரத்தில் தூரத்தில் ஒரு இடி இடித்தது. எல்லாரும் மேலே பார்த்தோம். நாலு தூறல் போட்டுவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் திரும்பும் ஃபெர்ரியில் என் கணவர் பை எதுவும் கேட்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் களைப்பில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் ஓர இருக்கையில் உட்கார்ந்து, தூரத்தில் நின்ற கப்பல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு நானும் தூங்கிவிட்டேன்.